மின்சாரமும் புற்றுநோயும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து 1962 முதல் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டு வருகிறது. தமிழ் நாட்டிலும் அண்டை ராஜ்யங்களிலும் அதனால் விளக்கெரிகிறது. அதற்கென நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் கடலூர் ஜில்லாவின் குடியானவர்கள். புற்றுக் கட்டிகளைக் கரைப்பதற்கும் மின்சக்தி இன்று பிரயோகமாகிறது. அந்தப் பயன் இந்த ஜனங்களுக்கு எப்போது கிட்டும் என்பதே நமது கேள்வி.

மின்சாரத்தால் புற்றுநோய் தீரும் என்றதும் சிலர் நகைப்பர். சிலர் அப்படியே நம்பி விடுவர். இரண்டும் தவறு. ப்ளியோமைசின் என்பது 1960-களில் ஜப்பானிய விஞ்ஞானி உமெசாவா கண்டறிந்த மருந்து. உயிரணுவினுள் புகுந்தால் அதனைக் கொல்லவல்லது. ஆயின் அணுவைச் சூழ்ந்த சவ்வு அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆதலின் நோயாளிக்கு அம்மருந்தைச் செலுத்திய பின், கட்டியில் ஊசிமுனைகளைப் பொருத்தி, விநாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் மின்துடிப்புகளை எட்டு முறை பாய்ச்சுகின்றனர். சவ்வில் நுண்துளைகள் திறக்கின்றன, மருந்து உட்புகுகிறது, துளைகள் மீண்டும் மூடிக்கொள்கின்றன. கொல்வது மருந்து, கதவைத் திறப்பது மின்சாரம்.

பிரான்ஸ் தேசத்தில் லூயிஸ் மிர் முதலியோர் 1991-இல் மனிதரிடத்து இம்முறையைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். 2006-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சியில், இச்சிகிச்சை பெற்ற கட்டிகளில் நூற்றுக்கு 85 பயன் கண்டன. 74 அடியோடு மறைந்தன.

எனினும் இது சர்வரோக நிவாரணி அன்று. பெரும்பாலும் தோலிலும் தோலின் அடியிலும் உள்ள கட்டிகளுக்கே உகந்தது. உடலெங்கும் பரவிய நோயை இது வேரறுக்காது. ரணசிகிச்சை வேண்டாம், இந்த மின்சாரப் பெட்டியே போதும் என்று எவரேனும் பணம் கேட்டால், அவரை நம்புவது உயிருக்கே ஆபத்தாகும். ஆனால், மார்பில் அறுத்தெடுத்த இடத்திலேயே கட்டி மீண்டும் முளைத்து, புண்ணாகி, துர்நாற்றத்தால் சொந்த வீட்டிலேயே ஒதுங்கிக் கிடக்கும் ஒரு ஸ்திரீக்கு அப்புண் ஆறுவது அற்ப விஷயமா?

கடலூர் சிப்காட் ரஸாயனத் தொழிற்சாலைகளை அடுத்த கிராமவாசிகள், 2004-இல் தாம் சுவாசிக்கும் காற்றைத் தாமே பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினர். புற்றுநோயை விளைவிக்கவல்ல பொருள்கள் அதில் இருக்கக் கண்டனர். தொழிலின் லாபம் வெளியே போக, அபாயம் மட்டும் இங்கே தங்குவது எந்த நியாயம்?

சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் இருக்கிறதே என்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் எழுந்த அந்த ஸ்தாபனத்தின் தொண்டு போற்றத்தக்கதே. ஆனால், சிதம்பரத்திற்கும் சென்னைக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். கூலி வேலை செய்பவன் எத்தனை முறை பிரயாணம் செய்வான்?

அண்ணாமலை நகரில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தோன்றியது இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகி விட்டது. ஆகவே பொறுப்பு சர்க்காரைச் சேர்ந்தது. கதிர் இயந்திரத்திற்கு வேண்டிய கனத்த சுவர்க் கட்டடம் இதற்குத் தேவையில்லை; மருந்தும் பழைய மருந்தே. வேண்டுவன கருவியும், பயிற்சி பெற்ற வைத்தியர்களும், சர்க்காரின் உறுதியுமே.

கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள ஊழியர்கள் இக்கோரிக்கையைச் சட்டசபை அங்கத்தினர்களிடம் கொண்டு செல்வார்களாக. நாட்டுக்கு மின்சாரம் அளித்த ஜில்லா கேட்பது பிச்சையல்ல; தனக்கு வரவேண்டிய பாக்கி.