புது பெயின்ட் வாசனை வருதா? புரோக்கர்கிட்ட முதல்ல இதைக் கேளுங்க!

ரீசேல் ஃப்ளாட் பார்க்கப் போறீங்க. 12 வருஷப் பழைய வீடு. ஆனா, உள்ளே நுழைஞ்சதுமே புது பெயின்ட் வாசனை. 'ஓனர் இப்பதான் சார் அடிச்சாரு. நீங்க அப்படியே குடி வந்துடலாம்' என்கிறார் புரோக்கர். சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, அந்த பெயின்ட்டுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு அவர்கிட்டயே கேளுங்க. பெரும்பாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஒரே ஏரியாவில் பல வருஷமா வீடு காட்டுறவருக்கு எந்தத் தெருவில் தண்ணி நிற்கும், எந்த அப்பார்ட்மென்ட்ல போர் தண்ணி உப்பாகிடுச்சு, எங்க அசோசியேஷன் சண்டையில லிஃப்ட் ரிப்பேர் ஆகாம கிடக்குதுன்னு எல்லாமே அத்துப்படி. சிக்கல் என்னன்னா, டீல் முடிஞ்சாதான் அவருக்குக் காசு. 60 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு 2 சதவிகிதம் கமிஷன்னா 1,20,000 ரூபாய். அதை விட்டுட்டு 'இந்த வீடு வேணாம் சார்'னு அவரா சொல்வார்னு எதிர்பார்க்க முடியாது. 'வீடு எப்படிண்ணே?'ன்னு மொட்டையா கேட்டா, 'சூப்பர் வீடு'ங்கிற பதில்தான் வரும். கேள்வியை மாத்தணும்.

சென்னையையே எடுத்துக்கோங்க. 2015 டிசம்பர் மழை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டு தடவையும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வெள்ளம் சூழ்ந்தது. அங்க போய் 'மழைக்குத் தண்ணி வருமா?'ன்னு கேட்காதீங்க. 'மிக்ஜாம் அப்போ பார்க்கிங்ல எவ்வளவு உயரம் தண்ணி நின்னுச்சு? வடிய எத்தனை நாளாச்சு? கரன்ட் எப்ப வந்துச்சு?'ன்னு கேளுங்க. இதுக்கு மழுப்புறது கஷ்டம். இ.பி மீட்டர் போர்டை மட்டும் புதுசா மேலே ஏத்தி வெச்சிருந்தா, ஏன்னு கேளுங்க. இதே கேள்விகளை வாட்ச்மேன்கிட்டயும் ஒரு தடவை கேட்டுட்டா, ரெண்டு பதிலும் ஒத்துப்போகுதான்னு தெரிஞ்சிடும்.

அடுத்தது பாத்ரூம். அப்பார்ட்மென்ட் பஞ்சாயத்துகள் பலதும் இங்கிருந்துதான் ஆரம்பிக்குது. நீங்க வாங்கப்போற வீட்டு பாத்ரூம்ல லீக் இருந்தா, அது உங்க வீட்டுல தெரியாது. கீழ் வீட்டு சீலிங்லதான் தெரியும். மேல் வீட்டு லீக் உங்க தலைக்கு மேலே சொட்டும். அதைச் சரிபண்ண மேல் வீட்டுக்காரர் தன்னோட டைல்ஸை உடைக்கச் சம்மதிக்கணும். (சம்மதிப்பாரா என்பது வேற கதை!) அதனால கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, 'அஞ்சு நிமிஷம் பார்த்துக்கிறோம்'னு கேட்கச் சொல்லுங்க. முன்பின் தெரியாத நீங்க கேட்டா திறக்க யோசிப்பாங்க. ஏரியா புரோக்கர் கேட்டா திறப்பாங்க. அவருக்குக் கொடுக்கிற கமிஷனுக்கு இந்த ஒரு வேலையே பெருசு.

ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தா ஒரு லைட்டைக் கழற்றச் சொல்லி, மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. மேலே கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடிச்ச கம்பி தெரிஞ்சா, பெயின்ட்டால தீர்கிற பிரச்னை இல்ல அது. அசோசியேஷனோட கடைசி ஒரு வருஷ வரவு செலவுக் கணக்கையும் புரோக்கரை வாங்கித் தரச் சொல்லலாம். ஏப்ரல், மே மாசங்கள்ல தண்ணி லாரிக்கு எவ்வளவு போச்சுங்கிறது அதுலயே இருக்கும்.

சட்டம் என்ன சொல்லுது? 1882-ம் வருஷச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, சாதாரணமா பார்த்தா கண்ணுக்குத் தெரியாத முக்கியமான குறை தனக்குத் தெரிஞ்சிருந்தா, விற்பவர் அதை வாங்குபவரிடம் சொல்லியாகணும். ரெரா சட்டத்தில் பில்டருக்கு 5 வருஷப் பொறுப்பு இருக்கு. ஆனா, அது வீட்டை முதன்முதலா ஒப்படைச்ச நாள்ல இருந்து கணக்கு. 12 வருஷ ஃப்ளாட்டுக்கு அது உதவாது. 55-வது பிரிவை நம்பிப் போனாலும், 'எனக்குத் தெரியாது'ன்னு ஓனர் கை விரிச்சா, அவருக்குத் தெரியும்னு நீங்கதான் நிரூபிக்கணும்.

அதனால பேசினதை எழுத்துல வைங்க. 'கசிவு இல்ல, 2023-ல தண்ணி உள்ளே வரலன்னு சொன்னீங்க, சரிதானே?'ன்னு புரோக்கருக்கும் ஓனருக்கும் வாட்ஸ்அப் பண்ணுங்க. நேர்ல சரளமா பேசினவர், இதுக்கு மட்டும் 'போன்ல பேசிக்கலாம் சார்'னு சொன்னா உஷாராகிடுங்க. ஒரு சிவில் இன்ஜினீயரையும் கூட்டிட்டுப் போங்க, ஆனா புரோக்கர் கைகாட்டுற ஆளா வேணாம். இது எல்லாமே அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி நடக்கணும். கொடுத்த பிறகு கேட்டா, அதே புரோக்கர் உங்க போனை எடுக்கவே ரெண்டு நாள் ஆகும்.