பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

சுங்கை வேயில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வளமையம் எனப்படும் பள்ளி நூலகத்தின் பொறுப்பாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னும் என் மனத்தை விட்டுப் போகாதது அங்கிருந்த நூல் பதிவேடுதான். நீல அட்டை போட்ட தடித்த நோட்டு. புதிதாக வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண், ஒரு வரி. நான் பொறுப்பேற்ற ஆண்டில் தமிழ் நூல்களுக்கு மட்டும் நான்கு பக்கங்கள் நிரம்பின. 2016-இல் பதினொரு வரிகள். மறு ஆண்டு ஆறு. அந்த ஆறும் ஒரு பெற்றோர் தந்த அன்பளிப்பு.

எண்ணெய் விலை சரிந்து, மலேசிய அரசாங்கம் தன் பட்ஜெட்டையே திருத்தி 2016 ஜனவரி 28-இல் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீடு குறைந்தது அப்போது செய்தியானது. பள்ளி நூலகத்தின் நிலை செய்தியாகவில்லை. கூரை ஒழுகினால் பெற்றோர் கேட்பார்கள். விசிறி ஓடாவிட்டால் பிள்ளைகள் சொல்வார்கள். புத்தகம் வராவிட்டால் ஒருவரும் கேட்பதில்லை. எனவேதான் சிக்கனம் என்றதும் முதலில் அங்கே கை வைக்கிறார்கள்.

பள்ளி மானியம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று மாணவர் எண்ணிக்கையை வைத்தே வருகிறது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி அதில் சமாளித்துக்கொள்ளும். எண்பது பேர் படிக்கும் தமிழ்ப்பள்ளி என்ன செய்யும்? நமக்கான சிறுவர் நூல்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருகின்றன. ரிங்கிட் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கடையில் விலை ஏறும். எண்பது பேர் பள்ளிக்கும் அதே விலைதான்.

“அதே 2016 பட்ஜெட்டில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கொடுத்தார்களே” என்பார்கள். கொடுத்தார்கள், நன்றி. அது மேம்பாட்டுக்கும் பராமரிப்புக்குமான பணம். 520-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பங்கிட்டால் பள்ளிக்கு ஒரு லட்சம் ரிங்கிட்கூடத் தேறாது. நம் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசின் பகுதி உதவி மட்டும் பெறுபவை. கறையான் அரித்த உத்தரமும் பழைய மின்கம்பியும் போக, புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்?

அப்போது நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். அம்மாவுக்கு சுங்கை வே தொழிற்பேட்டையில் இரவு வேலை. பள்ளி முடிந்து வேன் வரும்வரை முக்கால் மணி நேரம் வளமையத்தில்தான் இருப்பாள். யானைக் கதை ஒன்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்ததில் முதுகுத் தையல் பிரிந்துவிட்டது. ஊசியும் நூலும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். “டீச்சர், இது மாதிரி வேற இருக்கா?” என்றாள். “அடுத்த வருஷம் வரும்மா” என்றேன். வரவில்லை. எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது அவள் ஆறாம் ஆண்டு முடித்துப் போய்விட்டாள்.

கைப்பேசி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிலாம் வாசிப்புப் பதிவும் இப்போது இணையத்துக்குப் போய்விட்டது. வாசித்ததைப் பதியலாம், வாசிக்கப் புத்தகம் வேண்டாமா? அடுக்குமாடி வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கைக்குக் கிடைக்கும்.

நம் சமுதாயம் கொடுக்காத சமுதாயமல்ல. 1950-களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர வேண்டும் என்று சாமானியத் தொழிலாளிகளும் கொடுத்தார்கள். ஆனாலும் அரசின் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளையின் புத்தகம் அன்பளிப்பை நம்பி இருக்கக் கூடாது. கொடுக்க ஆளுள்ள வட்டாரத்துப் பள்ளி மட்டும் தழைக்கும், மற்றவை வாடும்.

கல்வியமைச்சிடம் நான் கேட்பது இரண்டுதான். மாணவர் எண்ணிக்கை எதுவானாலும் ஒவ்வொரு பள்ளிக்கும் நூல் வாங்க ஒரு குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்து, அதை வேறு செலவுக்குத் திருப்பாமல் காக்க வேண்டும். வளமைய ஆசிரியருக்குப் பாடவேளைகளைக் குறைத்து, நூலகத்தில் உட்கார நேரம் தர வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, நூல் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஆண்டு எத்தனை வரிகள் என்று எண்ணுங்கள். நான் பணியில் இருந்தவரை எந்தப் பெற்றோரும் அதைக் கேட்டதில்லை. ஒருவர் கேட்டிருந்தாலும் அந்தப் பதினொரு வரிகளைக் காட்டி மேலிடத்துக்கு எழுத எனக்குத் தெம்பு வந்திருக்கும்.