விளையாட்டுத் தட்டும் கணினித் தட்டும்



சம்பளம் வாங்கிய கையோடு செபராங் ஜெயா பக்கம் சாமான் வாங்கப் போகிறோம். பழைய பிளேஸ்டேஷன் பெட்டிக்குத் தட்டு வேண்டுமெனப் பிள்ளை அடம் பிடிக்கிறான். மலிவாகக் கிடைத்ததை வாங்கி வந்து போட்டால், ஓடவில்லை. உடனே பெட்டி பழுது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் தட்டைக் கவனியுங்கள்.

விளையாட்டுத் தட்டும் கணினித் தட்டும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டும் 12 சென்டிமீட்டர் அகலம். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்பள்ளங்கள், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்கின்றன. லேசர் ஒளி அந்தச் சுருளைத் தொடர்ந்து படிக்கிறது. அப்படியானால் வேறுபாடு எங்கே?

1994-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனையே எடுத்துக்கொள்வோம். அதன் தட்டு அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புதான் பூட்டு என்று பலர் சொல்வதுண்டு. அது வெறும் சாயம்; லேசர் ஒளி அதை ஊடுருவிப் போய்விடும். உண்மையான பூட்டு, நடுத்துவாரத்தை ஒட்டிச் சுருள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பால்மரம் வெட்டப் பழகும் புதுக்கை நடுங்கினால் வெட்டுக்கோடு நெளியுமல்லவா? அதுபோல அங்கே கோடு வேண்டுமென்றே மிக நுட்பமாக நெளிகிறது. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றுள் எந்த வட்டாரத்துத் தட்டு என்னும் அடையாளம் அந்த நெளிவில்தான் உள்ளது. பெட்டி முதலில் அதைத் தேடும். தன் வட்டார அடையாளம் கிடைக்காவிட்டால் விளையாட்டைத் தொடங்காது.

கணினியில் நகல் எடுத்தால் நெளிவும் சேர்ந்து வராதா? வராது. காலித் தட்டின் கோடு தொழிற்சாலையிலேயே போடப்பட்டது. கணினி அந்தக் கோட்டின் மேல் எழுதுமே தவிர, கோட்டை வளைக்காது. ஆகவே நகல் தட்டு ஓடவேண்டுமானால், பெரும்பாலும் யாராவது பெட்டியைப் பிரித்து உள்ளே வேறொரு சில்லைப் பொருத்தியிருக்க வேண்டும்.

பின்னால் வந்த பெட்டிகள் வேறு வழிகளையும் கையாண்டன. சாதாரண குறுந்தட்டு சுமார் 700 மெகாபைட் கொள்ளும். 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்டின் தட்டு, அதே அகலத்தில் சுமார் 1 ஜிகாபைட் கொண்டது. 2001-இல் வந்த நிண்டெண்டோ கேம்கியூபுக்கு 8 சென்டிமீட்டர் குட்டித் தட்டு.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒளித்தட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி தட்டு தயாரிக்க உரிமம் வேண்டும். தயாரிப்பாளரின் குறியீடும் தட்டில் இருக்க வேண்டும்.

எனவே பெற்றோர்களே, காசைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தப் பெட்டிக்குரிய தட்டு? எந்த வட்டாரத்தது? அசலா, நகலா? புதுப் பெட்டி வாங்குவோர் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் ஒரு வகைக்குத் தட்டு போடும் வாயே கிடையாது. அதற்குத் தட்டு வாங்கிக் கொடுத்தால், வியர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளி அலமாரியில்தான் தூங்கும்.