கானுக்கு உடையவர் யார்?

கிழக்கே குடாக்கடலும் மேற்கே உட்துறைமுகமும் நெருங்கிவர, இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர் திருகோணமலை. ஒரு கடற்கரையிலிருந்து மறு கரைக்குச் சில இடங்களில் அரை நாழிகை நடைதான். இத்தகைய ஊரிலே பெய்த மழை கடலைச் சேர வழியறியாது வீதியில் தேங்கி நிற்கிறது என்றால் அயலூரார் நகைப்பர். மார்கழி மாதத்தில் இவ்வூர் ஒழுங்கைகளைக் கடந்து பாடசாலை சென்ற பிள்ளைகள் நகைக்கமாட்டார்கள்.

2011 சனவரிப் பெருவெள்ளத்தையோ, 2020 டிசெம்பரில் இம்மாவட்டக் கரையைத் தொட்ட புரெவிப் புயலையோ, 2025 நவம்பரில் நாட்டையே உலுக்கிய டித்வாவையோ பற்றி நான் இங்கு எழுதவில்லை. அவை பேரிடர்கள், அவற்றுக்கு நிவாரணமும் உண்டு, அறிக்கைகளும் உண்டு. நான் பேச எடுத்துக்கொண்டது ஆண்டுதோறும் வழக்கமாக வந்து போகும் மழையைப் பற்றி.

இங்கு ஓராண்டில் சராசரியாக ஏறக்குறைய 1,570 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர் தொடங்கி டிசெம்பர் முடியுமுன் கொட்டித் தீர்ந்துவிடும். கரையோரத்து மணல் முதல் மழையை ஆவலோடு விழுங்கும்; நிலத்தடி நீர் மேலேறிய பின்னர் ஒரு சொட்டும் ஏலாது. அவ்வேளையில்தான் வடகீழ்க் காற்றும் குடாக்கடலின் அலைகளை நேரே கரைமீது ஏவும். கப்பலோட்டிகள் அப்பருவத்தில் அக்குடாவை விட்டு உட்துறைமுகத்தை நாடியதன் காரணமும் அதுவே. அலை ஒதுக்கிய மணல் கானின் வாயை அடைத்துக்கொண்டால் உள்ளேயுள்ள நீர் எங்கே போகும்?

ஆயினும் இயற்கையின் மேல் முழுப் பழியையும் சுமத்துவது நேர்மையன்று. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பத்துப் பேர்ச் வளவொன்றில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 25,000 லீற்றருக்கு மேற்பட்ட நீர். முன்பு மணல் முற்றமும் கிடுகு வேலியும் கிணற்றடி வாழையும் அதிற் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன. இன்று முற்றத்திற்குச் சீமெந்து, எல்லைக்கு மதில், கூரைநீருக்குத் தெருவை நோக்கிய குழாய். வீதிகளோ பழைய தார்மேல் புதிய தாராக உயர்ந்து உயர்ந்து, வாசற்படியை விழுங்கிவிட்டன. மழைநீரைச் சேகரிக்கும்படி கூறும் தேசியக் கொள்கை 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கொள்கைக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சமில்லை.

கானை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினால் தீரும் என்பார் உளர். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சரிவு இல்லாத இடத்தில் ஆழமாக வெட்டிய கான், நுளம்பு வளர்க்கும் தொட்டியாகும்; வேறொன்றுமாகாது. வெட்டுவதற்கு முன் மட்டம் பார்த்தல் வேண்டும். தாழ்ந்த நிலத்தைக் கிறவல் இட்டு நிரப்புவதை நிறுத்தல் வேண்டும். கொழும்பில் 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே நீரில் நின்ற பின்னர், 2012இல் உலக வங்கியின் கடனோடு தொடங்கிய திட்டம் கால்வாய்களைத் திருத்தியதோடு நில்லாது, எஞ்சிய சதுப்பு நிலங்களையும் காக்க முனைந்தது. 2018இல் அந்நகர் ஈரநில நகரமென ராம்சார் சமவாயத்தின் ஏற்பையும் பெற்றது. அங்கே வெள்ளம் ஒழிந்துவிட்டதென்று நான் கூறவில்லை. நீருக்கும் நகரில் ஓரிடம் வேண்டும் என்பதை அங்கே ஒப்புக்கொண்டார்கள்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு வேறொன்று. கண்டி வீதி போன்ற பெருவீதியின் ஓரக்கான் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஒழுங்கையின் கான் உள்ளூராட்சி மன்றத்தினது. மாகாணத் திணைக்களத்தின் வீதிகள் தனி. துறைமுகத்தை நோக்கி நீர் இறங்கும் நிலத்திலோ துறைமுக அதிகார சபையும் கடற்படையும் உள்ளன. நீர் ஒன்று, அதற்கு எசமானர் பலர். ஒருவர் தூர்வாரிய கான் மற்றவரது அடைந்த மதகிலே போய் முட்டி நிற்கும். இதில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அவரவர் எல்லையை அவரவர் ஒழுங்காகக் காத்தாலும் எல்லைகள் சந்திக்கும் இடம் அநாதையாகவே கிடக்கிறது.

நம் பழைய நூலொன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கவிராசவரோதயர் பாடியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் ஆக்கிய மரபைச் சொல்வதோடு அமையாது, இன்னின்ன தொழும்பு இன்னின்னாருக்கு என்று வகுத்தும் வைக்கிறது. சரித்திர ஆராய்ச்சியாளர் அதன் காலத்தைப் பற்றி வழக்காடுவர். பிறப்பால் தொழில் வகுத்த அம்முறை நமக்கு வேண்டியதுமன்று. ஆனால் கட்டுவித்தலோடு கடமை முடியவில்லை, பேணுவார் இன்னாரென எழுதிவைக்கவும் வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அக்கந்தளாய்க் குளத்தின் கட்டே 1986 ஏப்பிரலில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டதை இம்மாவட்டத்தார் மறக்கவியலாது.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறிய பொருள்: ஒரு படம். பட்டினத்தின் ஒவ்வொரு கானும் மதகும், நீர் ஓடும் திசையும், கடலைச் சேரும் வாயும், அதைத் துப்புரவாக்கவேண்டிய அலுவலகத்தின் பெயரும் குறித்த படம். பாடசாலைகளின் புவியியல் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் ஒரு விடுமுறையில் இதன் பெரும்பகுதியை வரைந்துவிடலாம். மழைக்காலத்தில் நீர் நிற்கும் இடமும் நாளும் அவர்களுக்குத்தான் நன்கு தெரியும். ஆண்டுதோறும் புரட்டாதி பிறக்குமுன் அப்படம் பொது நூலகத்தின் சுவரில் தொங்கட்டும். உடையவர் பெயர் தெரியாத கானுக்கு நேரே இடத்தை வெறுமையாகவே விட்டு வைக்கட்டும்.