இந்த ரெய்டு நம்மைக் காக்கும் ரெய்டு!



ரெய்டு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் இது வரித்துறை ரெய்டு அல்ல. பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் கணக்கு அழியாமல் இயக்கும் முறைக்கு 1987-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் வைத்த பெயரும் ரெய்டுதான்.

திருவேங்கடம் வட்டாரத்தில் பருத்தி, வத்தல் மண்டியானாலும், மளிகை மொத்தக் கடையானாலும் இன்று பேரேடு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. கிளையும் குடோனும் உள்ளவர்கள் கணக்கு, பில், கேமராப் பதிவு அனைத்துக்கும் பெரிய சர்வராகவே வாங்குகிறார்கள். எத்தனை டெராபைட் என்று விற்பவர் சொல்வார். டிஸ்க் போனால் என்ன ஆகும் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

லாரியின் பின்பக்கம் இரட்டைச் சக்கரம் இருப்பதால் ஒன்று பஞ்சரானாலும் மற்றது தாங்குகிறது. ரெய்டும் அப்படியே. ரெய்டு 5 முறையில் ஒரு டிஸ்க் போனாலும் கணக்கு நிற்கும். ரெய்டு 6 முறையில் இரண்டு போனாலும் நிற்கும். பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 5 போதும் என்பதை நாம் ஏற்கக் கூடாது. 16 டெராபைட் டிஸ்க் ஒன்றை மாற்றினால், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் மறுபடி நிரம்ப 22 மணி நேரம் ஆகும். கடை வேலையும் நடந்தால் இன்னும் கூடும். அத்தனை நேரமும் மற்ற டிஸ்க்குகள் ஓயாமல் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது. அப்போது இரண்டாவது ஒன்று போனால் மொத்தமும் போயிற்று.

எட்டு டிஸ்க் இடமுள்ள சர்வரில் ஏழை ரெய்டு 5-ல் ஓட்டி, எட்டாவதை உதிரியாகச் சும்மா வைப்பதும் உண்டு. எட்டையும் ரெய்டு 6-ல் போட்டால் அதே கொள்ளளவுதான், பாதுகாப்போ அதிகம். இதற்குமேல் ஸ்டெப்னி போல ஒரு டிஸ்க், அதே அளவில், பீரோவில் இருக்கட்டும். இல்லையேல் அவசரத்துக்குத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். டிஸ்க் பழுதானால் முதலாளியின் போனுக்கே தகவல் வரும்படியும் செய்துகொள்ள வேண்டும்.

பணம் முடங்குகிறதே என்பர் சிலர். வெளியே நிற்கும் பாக்கித் தொகையை ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும். பேரேடு அழிந்தால் எந்தத் தாளைக் காட்டி வசூலிப்பது?

ஆனால் லாரியே ஆற்றில் கவிழ்ந்தால் ஸ்டெப்னி என்ன செய்யும்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை நம் தென் மாவட்டத்தார் மறக்க முடியாது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. வெளியே நகல் இல்லாததால் 858 டெராபைட் அரசுக் கோப்புகள் சாம்பலாயின. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை விஷமிகள் பூட்டினர்; தனியே இருந்த நகல் சர்வரால்தான் தகவல்கள் மீண்டன. வெள்ளம், தீ, திருட்டு, வைரஸ் ஆகிய நான்குக்கும் ரெய்டு மருந்தல்ல.

ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கெடு முடிந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் மீட்கத்தக்க நகல் வைக்க வேண்டும் என்பதும் விதி. எனவே தினமும் கல்லா முடிந்ததும் கணக்கின் நகல் ஒன்றைத் தனி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வீட்டில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உறுப்பினர்கள் ஒரே அளவு டிஸ்க் வாங்க இசைந்தால், சங்க அலுவலகத்திலேயே பொதுவில் இரண்டு உதிரி வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை முடிவு செய்வோம். சரக்குக்குப் பூட்டுப் போடும் நாம், கணக்குக்கும் போடுவோம்!