கை பொறுக்கட்டும்

மேட்டூர் திறந்து குறுவை நடவுக்கு ஆள் தேடும் ஜூன் மாதத்தில்தான் டெல்டாவில் எல்.கே.ஜி. சேர்க்கையும் நடக்கிறது. நடவு வேலை முடிந்து நேரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் நம்மிடம் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறாள்: "இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பீங்களா டீச்சர்?" இதை ஆங்கில மோகம் என்று முகம் சுளித்து ஒதுக்கும் வழக்கம் நம் துறையில் உண்டு. அது நியாயமில்லை. சேற்றில் குனிந்து நிற்கும் பிழைப்பு தன்னோடு போகட்டும் என்று நினைப்பவள் கேட்கிற கேள்வி அது. அவள் கேட்பதில் தவறில்லை. நாம் கொடுப்பதில்தான் தவறு இருக்கிறது.

அவள் கேட்பது ஆங்கிலம். நாம் கொடுப்பதோ நாலு கோடு நோட்டு. மூன்றரை வயதுப் பிள்ளை பென்சிலை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க 'ஏ' எழுதுகிறது; மறுநாள் 'பி'. விரல் தசைகள் அந்த வேலைக்கு இன்னும் பழுக்காத வயது. மார்ச் மாதம் அதே பிள்ளை இருபத்தாறு எழுத்தையும் எழுதிக் காட்டும். "கிவ் மீ தி பால்" என்று யாராவது சொன்னால் பேந்தப் பேந்த விழிக்கும். ஏனென்றால் ஓராண்டு முழுவதும் அதன் காதில் ஆங்கிலம் விழவே இல்லை; எழுதும் நேரத்தில் "பேசாம எழுது" என்ற அதட்டல்தான் விழுந்தது. அந்த ஓராண்டில் தமிழில் பேசியிருக்க வேண்டிய பேச்சும் போயிற்று. ஐந்து வயதுக்குள் எந்த மொழியும் காது வழியாகத்தான் உள்ளே போகும். முதல் மொழிக்கும் அதுதான் வழி, இரண்டாம் மொழிக்கும் அதுதான்.

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தனியார் நர்சரிக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு வாசல் திறந்த நல்ல முடிவு அது. ஆனால் அந்த வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் உபரி இடைநிலை ஆசிரியர்கள். ஒன்று முதல் ஐந்து வரை நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள்; மூன்று வயதுப் பிள்ளையோடு தரையில் உட்கார அவர்களை யாரும் தயார் செய்யவில்லை. இதை எதிர்த்து வழக்குகள் வந்தன. 2022 ஜூனில் வகுப்புகள் நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு எழுந்ததும் தொடரும் என்றானது. பிறகு மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் வந்தார்கள். இத்தனை மாற்றத்துக்கு நடுவில் வகுப்பறையில் மாறாமல் நின்றது அந்த நாலு கோடு நோட்டு ஒன்றுதான். தெரியாததைச் செய்யச் சொன்னால், தாம் சின்ன வயதில் படித்த முறையைத்தான் எவரும் எடுப்பார்கள்.

ஒரு பிள்ளையின் வாயில் இரண்டு மூன்று மொழி புழங்குவது தஞ்சைக்குப் புதிதல்ல. தெலுங்கு பேசிய நாயக்கர்களும் மராத்தி பேசிய போன்ஸ்லேக்களும் ஆண்ட ஊர் இது. சுவார்ட்ஸ் பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டிலேயே இங்கு ஆங்கிலப் பள்ளி நடத்தினார். இன்றும் திருபுவனம், அய்யம்பேட்டை, கும்பகோணம் நெசவாளர் தெருக்களில் பிள்ளை பிறந்தது முதல் கேட்பது சௌராஷ்டிரம். தெருவுக்கு வந்தால் தமிழ். அங்கன்வாடிக்கு வந்தால் தமிழோடு ஆங்கிலமும். இந்தப் பிள்ளைகளைப் பற்றி நம் பதிவேடுகளில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். வளர்ச்சிக் கண்காணிப்பில் "எத்தனை சொல் பேசுகிறது" என்று கேட்கிறோம். பிள்ளை தமிழில் சொல்வதை மட்டும் எண்ணி, "பேச்சு தாமதம்" என்று குறித்து, ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் அனுப்புகிறோம். தறியடியில் பாட்டியிடம் அது கொட்டும் பேச்சு நம் கணக்கில் வருவதே இல்லை.

இதே கணக்குப் பிழையை அமெரிக்காவின் மயாமி நகரம் நமக்கு முன்பே சந்தித்துத் திருத்தியது. கியூபாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் ஸ்பானிஷும் வெளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்தார்கள். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் அவர்கள் பின்தங்கியவர்களாகத் தெரிந்தார்கள். பார்பரா பியர்சனும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினார்கள். ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர்கள் குறைந்தவர்களாக இல்லை. அதே மயாமியில் 1963-லேயே கோரல் வே தொடக்கப்பள்ளி பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம் என்று நடத்தியது. அங்கு ஸ்பானிஷ் பேசும் பிள்ளை ஆங்கிலம் கற்றது. ஆங்கிலம் பேசும் பிள்ளையும் ஸ்பானிஷ் கற்றது. வீட்டு மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்தாமலே இன்னொரு மொழியைக் கற்பிக்கலாம் என்பதற்கு அறுபதாண்டு கடந்த சான்று அது.

நாம் பெற்றோருக்குச் சொல்லும் ஒரு புத்திமதியை இன்றே நிறுத்தியாக வேண்டும்: "வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க." ஃபுளோரிடாவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்த எரிகா ஹாஃப், தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் பெற்றோர் பேசுவதால் பிள்ளையின் ஆங்கிலம் வளர்வதில்லை என்று காட்டியிருக்கிறார். நடவு முடித்து வந்த அந்தத் தாயையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்றங்கால், நாற்று முடி, வரப்பு, மதகு, மடை, நண்டு வளை என்று அவள் வாயில் ஒரு வயல் முழுவதும் இருக்கிறது. "மடையை அடைச்சா தண்ணி அந்தப் பக்கம் போகாது, பயிரு காஞ்சிடும்" என்று அவள் சொல்லும்போது காரணமும் விளைவும் ஒரே வாக்கியத்தில் பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தச் சிந்தனை தமிழில் ஊன்றிவிட்டால் பின்னால் ஆங்கிலத்தில் அதற்குச் சொல் மட்டும் கிடைத்தால் போதும். இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் முன்வைத்த கருத்தின் சாரமும் இதுதான். அவளை "கம், சிட், ஈட்" என்ற மூன்று சொல்லுக்குள் அடைத்தால் பிள்ளை இரண்டு மொழியையும் இழக்கும்.

அப்படியானால் ஆங்கிலம் எப்போது, எப்படி? முதல் நாளிலிருந்தே தொடங்கலாம், பேச்சாக. தினம் இருபது நிமிடம் போதும். கை கால் அசைத்துப் பாடும் பாட்டு, செய்து காட்டிச் சொல்லும் சின்னக் கட்டளை, பந்தை உருட்டியபடி கேட்கும் கேள்வி. ஒரு கதையை முதலில் தமிழில் சொல்லுங்கள், பிள்ளைகள் அதைத் தாமே சொல்லும் வரை. அடுத்த வாரம் அதே படங்களை வைத்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கதை தெரிந்திருப்பதால் சொல்லின் பொருளை அவர்களே பிடித்துவிடுவார்கள். அங்கன்வாடியின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் கதைக்கும் பாட்டுக்கும் இடம் ஏற்கெனவே இருக்கிறது.

செல்போனில் ரைம்ஸ் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது ஆங்கிலம் கற்பித்தல் ஆகாது. பாட்ரிசியா கூலின் 2003-ஆம் ஆண்டு ஆய்வில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் விளையாடியவரிடமிருந்து சீன மொழி ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆளைத் திரையில் பார்த்த குழந்தைகளிடம் அது நடக்கவில்லை. தடுமாற்றமான ஆங்கிலம் ஆனாலும், பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பாடும் நீங்கள் அந்தத் திரையைவிட மேல். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் புது மொழியில் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். அதுவும் கற்றல்தான். அதட்டாதீர்கள், ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். எழுதுவது யு.கே.ஜி.யின் பின்பாதியில் வரட்டும். அதுவரை கைக்கு மண், மாவு, புளியங்கொட்டை, மணி கோத்தல் என்று வேலை கொடுங்கள்.

"நோட்டைக் காட்டலேன்னா அம்மாமாரு ஒத்துக்க மாட்டாங்க" என்று பணியாளர்கள் சொல்வது உண்மைதான். நோட்டுக்குப் பதில் வேறொன்றைக் காட்ட வேண்டும். மாதம் ஒருநாள் அவர்களை உட்கார வைத்து, பிள்ளை ஆங்கிலக் கட்டளையைக் கேட்டு நடப்பதையும், தமிழில் ஒரு கதையை முழுதாகச் சொல்வதையும் பார்க்கச் செய்யுங்கள். நடவு, அறுப்பு நாட்களில் அந்தக் கூட்டத்தை மாலையில் வையுங்கள். கூலியை விட்டுவிட்டு யாரும் வர முடியாது.

துறையிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. 5,000 ரூபாய்க்கு வருபவர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார். பிள்ளைக்குக் காது பழகிய குரல் நடுவில் அறுந்துபோகும். முறையான ஊதியமும், பேச்சு ஆங்கிலத்துக்கென்று ஆண்டுதோறும் நேரடிப் பயிற்சியும் வேண்டும். கண்காணிப்புப் படிவத்தில் வீட்டு மொழி எது என்ற கட்டமும், சொற்களை இரண்டு மொழியிலும் எண்ணும் முறையும் சேர வேண்டும். நெசவாளர் தெருக்களில் உதவியாளர் இடம் காலியானால் சௌராஷ்டிரம் பேசும் பெண்ணுக்கு முன்னுரிமை தர வேண்டும். இவை அனைத்தையும் அடுத்த மாவட்ட ஆய்வுக் கூட்டத்திலேயே எழுத்தில் முன்வைக்குமாறு வட்டார ஒருங்கிணைப்பாளர்களையும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.