கிளைட்டெம்னெஸ்ட்ராவின் வழக்கு

கணவனைக் கொன்ற கொடியவள் என்றே கிரேக்கக் கதையின் கிளைட்டெம்னெஸ்ட்ராவை உலகம் தூற்றுகிறது. போர்க்கப்பல்கள் செல்லக் காற்று வேண்டி அவள் மகள் இஃபிஜினியாவைப் பலியிட்டவன் அக்கணவன் அகமெம்னனே அன்றோ?

கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் நாடகங்களில், தாயைக் கொன்ற மகன் ஒரெஸ்டெஸ் ஏதென்ஸ் மன்றத்தில் விடுதலை பெறுகிறான். தாய் கருவைப் பேணுபவளே, பிறப்பிப்பவன் தந்தையே என்று அப்போலோ வாதாடுகிறான். அவ்விசாரணையில் இஃபிஜினியாவின் பெயரே எழவில்லை. கோப்புகளோடு காலங்கழிக்கும் எமக்கு, முதன்மைத் தாளை உருவிவிட்டுத் தீர்ப்பெழுதும் வித்தை தெரியாததன்று.

அவள் தரப்பில் நின்று இக்கதையை எழுதுவோர் மூலத்தைச் சிதைக்கின்றனராம்! ஒடிசியில் அகமெம்னனைக் கொல்பவன் அவள் காதலன் ஏஜிஸ்தஸ்; ஈஸ்கிலசிடமோ அவளே. எது மூலம்?

ஆயினும் அவளை அழுது நிற்கும் அபலையாக்கும் புதினங்களையும் யாம் ஏற்கிலோம். கணவன் பிணத்தருகே நின்று தன் செயலைத் தானே உரைத்தவள் அவள். அந்த ஆயுதத்தை அவள் கையிலிருந்து பிடுங்க வேண்டா. இஃபிஜினியாவின் பெயரை வழக்கில் சேருங்கள்.